மூக்குத்தியைக் கழற்றுங்கள், அம்மா!

அன்று பௌர்ணமி. அண்ணாமலையின் உச்சிக்கு மேலே நிலா ஏறி நின்றது. நாங்கள் ஐந்து பேர் கிரிவலம் போய்க் கொண்டிருந்தோம். எழுபது வயசாகும் என் மாமியார்தான் எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தார். அவருக்கு நடையும் நிற்காது, பேச்சும் நிற்காது!

கைலாசத்தில் பார்வதி தேவி விளையாட்டாகப் பரமசிவனின் கண்களைப் பொத்திய கதையைச் சொல்லிக் கொண்டு வந்தார். பொத்திய க்ஷணத்தில் உலகமெல்லாம் இருண்டு போயிற்றாம். அந்தப் பாவம் தீரத் தேவி காஞ்சியில் தவமிருந்து, பிறகு இதே திருவண்ணாமலைக்கு வந்து தவம் செய்து, சுவாமியின் இடப் பாகத்தைப் பெற்றாளாம்.

"கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் ரெண்டு நிமிஷம் மட்டும் வெளியே வந்து தரிசனம் கொடுக்கிறாரே, அது எதுக்குன்னா..."

வாக்கியம் முடியவில்லை. நிருதி லிங்கத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் புடவைக் கொசுவம் காலில் சிக்கி, அத்தை குப்புற விழுந்து விட்டார். பாதையோரத் திண்ணையின் விளிம்பு இடது கண்ணுக்குக் கீழே இடித்தது.

தூக்கி உட்கார வைத்தோம். நினைவு தப்பவில்லை. மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. "நன்றாகச் சிந்தி விடுங்கள், அத்தை" என்று கைக்குட்டையைக் கொடுத்தவள் நான்தான். அவர் சிந்தினார். அவ்வளவுதான்! எண்ணெய்ச் சட்டியில் போட்ட பூரி மாதிரி இடது கண் இமை ஒரே விநாடியில் உப்பி மூடிக் கொண்டது. பயத்தில் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குவது போல நறநறவென்றது.

எட்டு லிங்கங்களில் நாலோடு அன்றைய கிரிவலம் நின்றது. ஆட்டோ பிடித்து ஊருக்குள் ஒரு சிறிய நர்ஸிங் ஹோமுக்குப் போனோம்.

டாக்டருக்கு வயசு முப்பதுகூட இருக்காது. முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "விழுந்த பிறகு மூக்கைச் சிந்தினீர்களா?"

நான் திருதிருவென்று விழித்தேன். இவருக்கு எப்படித் தெரிந்தது?

உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பி விடுவார் என்று எதிர்பார்த்தோம். இல்லை. முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தார். விழுந்தவர்களுக்குக் கழுத்தெலும்பில் அடி இல்லையென்று தெரிந்த பிறகுதான் தலையை வளைத்துப் படம் எடுக்கலாமாம். பிறகு வீங்கிய இமையை மெல்லப் பிரித்து, விரலை மேலும் கீழும் ஆட்டி, "ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா?" என்றார். கன்னத்திலும் மேலுதட்டிலும் பஞ்சால் தொட்டு, மரத்துப் போயிருக்கிறதா என்று கேட்டார். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று இரண்டு தடவை விசாரித்தார். வயசானவர்கள் தலையில் அடிபட்டால் இந்த மாத்திரை விஷயத்தைக் கேட்காமலே சொல்லி விட வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்தால் அது லேசில் நிற்காது.

அதற்கப்புறம்தான் எக்ஸ்ரே அறை. அங்கே காத்திருந்தது வேறு ஒரு யுத்தம்!

"மூக்குத்தியைக் கழற்றுங்கள், அம்மா. தோடு, மாட்டல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் எடுத்து விடுங்கள். பல்செட் இருந்தால் அதையும்" என்றார் படம் எடுக்கும் பையன்.

"தோட்டைக் கழற்றுகிறேன், தம்பி. மூக்குத்தி முடியாது. நாற்பது வருஷமாகக் கழற்றினதில்லை" என்றார் அத்தை. இது வீம்பா, திருகு இறுகிப் போனதா என்று எனக்கே சந்தேகம். இரண்டுமே என்று பிறகு தெரிந்தது.

பையன் பொறுமைசாலி. எக்ஸ்ரே என்பது நிழல் படம். கதிர்கள் தோலையும் சதையையும் சுலபமாகக் கடந்து பின்னால் இருக்கும் தகட்டில் விழும். அங்கே கறுப்பு. எலும்பு பாதியைத் தடுக்கும். அங்கே வெண்மை. தங்கமோ, வைரத்தைப் பதித்த கட்டடமோ அடியோடு தடுத்து விடும். அங்கே பளீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு விரிசலின் மேலேயே உட்கார்ந்து கொண்டால்?

இதற்கு ஆதியிலேயே சாட்சி இருக்கிறது. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் 1895 நவம்பர் 8-ஆம் தேதி இந்தக் கதிர்களைக் கண்டார். என்ன கதிர் என்று புரியாததால் 'எக்ஸ்' என்று பெயரிட்டார். அந்த டிசம்பரில் மனைவியின் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். விரல் எலும்புகள் மங்கலாக இருக்க, அந்த அம்மாள் போட்டிருந்த மோதிரம் மட்டும் கட்டியாகக் கறுத்து நின்றது. (அந்தக் காலத்து அச்சில் கறுப்பும் வெளுப்பும் மாறியிருக்கும்.) உலகத்தின் முதல் பிரபல எக்ஸ்ரே படத்தையே ஒரு பெண்ணின் நகை மறைத்திருக்கிறது!

கடைசியில் ஓர் ஆயா வந்து, தேங்காயெண்ணெய் தடவி, கால் மணி நேரம் போராடித் திருகைக் கழற்றினாள். அத்தை மூக்கைத் தொட்டுப் பார்த்துக் கொண்டு, எதையோ பறி கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தலையைப் படம் எடுப்பதில் என்ன கஷ்டம்? கையென்றால் தகட்டில் பரப்பி வைத்து விடலாம். தலை அப்படியில்லை. மண்டையும் முகமுமாக 22 எலும்புகள். மூளையை மூடும் பெட்டிக்கு 8, முகத்துக்கு 14. கண்குழி ஒன்றுக்கு மட்டும் ஏழு எலும்புகள் சேர்ந்து சுவர் எழுப்பியிருக்கின்றன. மேல் விளிம்பும் வெளி விளிம்பும் உரமானவை. கண்ணுக்கு அடித்தளமும் மூக்கை ஒட்டிய உள்சுவருமோ முட்டை ஓட்டைப் போல மெல்லியவை. உள்சுவருக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் லத்தீன் பெயருக்கே 'காகிதத் தகடு' என்றுதான் அர்த்தம்.

எல்லாவற்றையும் ஒரே திசையிலிருந்து பார்த்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்து குழம்பும். அதிலும் முக்கியமான இடைஞ்சல், காதின் உள்பாகத்தைப் பொதிந்து வைத்திருக்கும் கெட்டி எலும்பு. பாறை எலும்பு என்றே அதற்குப் பெயர். உடம்பிலேயே மிக அடர்த்தியானது. முகத்தை நேராக வைத்துப் படம் எடுத்தால் இந்தப் பாறையின் நிழல் சரியாகக் கண்குழிக்குள் போய் விழும்.

கிரிவலம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கோபுர வாசலிலிருந்து பார்த்தால் மலை ஒரே சிகரம். நடக்க நடக்க ஓரிடத்தில் இரண்டு, பிறகு மூன்று. குபேர லிங்கப் பக்கம் போனால் ஐந்து முகமாகத் தெரிகிறது என்று எல்லாரும் நின்று கும்பிடுகிறார்கள். மலை அதேதான், நாம் நிற்கும் இடம்தான் வேறு. தலை எக்ஸ்ரேயிலும் இதே வித்தைதான். நாம் நடப்பதற்குப் பதிலாகத் தலையைச் சாய்க்கிறார்கள். அல்லது கதிர்க் குழாயைச் சாய்க்கிறார்கள்.

அத்தையைச் சுவரோடு நிற்கும் தகட்டுக்கு எதிரே முக்காலியில் உட்கார வைத்தார்கள். சுமார் ஒரு மீட்டர் பின்னால் கதிர்க் குழாய். அதிலிருந்து ஒரு விளக்கு வெளிச்சம் சதுரமாக அவர் பின்னந்தலையில் விழுந்தது; நடுவில் சிலுவைக் கோடு. கதிர் எங்கே விழும் என்று காட்டுவது அதுதான். தேவையில்லாத இடத்துக்குக் கதிர் போகாதபடி சதுரத்தைச் சுருக்கிக் கொண்டார் பையன்.

"நெற்றியும் மூக்கும் தகட்டில் படட்டும், அம்மா. பிள்ளையாருக்கு முன்னால் குனிகிற மாதிரி. ஆடக் கூடாது. மூச்சை நிறுத்துங்கள்... ஆயிற்று. மூச்சு விடலாம்."

'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு விநாடிகூட ஆகவில்லை. வலியில்லை, சூடில்லை. "இதுக்கா நாற்பது வருஷத்து மூக்குத்தியைக் கழற்றினேன்!" என்றார் அத்தை.

இந்த நிலையில் குழாயைப் பாதம் நோக்கி 15 டிகிரி சாய்த்தால் பாறையின் நிழல் கண்குழியின் அடியில் மூன்றிலொரு பங்கோடு நின்று விடும். 30 டிகிரி சாய்த்தால் முழுவதும் கண்குழிக்குக் கீழே இறங்கி விடும். அடுத்தது, மோவாயைத் தகட்டில் ஊன்றி, மூக்கு நுனியைக் கொஞ்சம் விலக்கி, மலையுச்சியைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து எடுப்பது. கண்குழியின் அடித்தளமும், அதற்குக் கீழே கன்னத்தில் உள்ள காற்றறையும் இதில்தான் தெளிவாகத் தெரியும். மூன்றாவது பக்கவாட்டுப் படம். அடிபட்ட பக்கம் தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். பின்மண்டையில் அடியென்றால் முதுகைத் தகட்டுக்குக் காட்டி, மோவாயை மார்போடு ஒடுக்கி எடுப்பார்கள். பார்வை நரம்பு நுழையும் துவாரத்தைப் பார்க்கக் கன்னம், மூக்கு, மோவாய் மூன்றும் தகட்டில் படும்படி கோணலாகத் திருப்பி வைக்கும் ஒரு நிலையும் உண்டு. அத்தைக்கு இந்த இரண்டும் தேவைப்படவில்லை.

முகத்தை ஏன் சுவரைப் பார்த்து வைக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு காரணங்கள். விளக்குக்கு முன்னால் கையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும், விலக்கினால் மங்கும். கண்குழி தகட்டை ஒட்டியிருந்தால் விரிசல் தெளிவாகத் தெரியும். இன்னொன்று, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்குக் கதிர் ஆகாது. அளவு மிஞ்சினால் புரை விழும். பின்னந்தலை வழியாகக் கதிர் வந்தால் மண்டையே பெரும்பகுதியைத் தாங்கிக் கொண்டு விடுகிறது. கண்ணுக்கு மிச்சம் சொற்பமே.

இப்படி நெற்றியும் மூக்கும் படும் நிலைக்குக் கால்டுவெல் நிலை என்று பெயர். யூஜீன் கால்டுவெல் என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் கதிரின் கெடுதல் முழுவதும் தெரிந்திருக்கவில்லை. கதிர்க் காயங்களால் அவஸ்தைப்பட்டு 1918-இல் அவர் இறந்தார். இன்று படம் எடுக்கிறவர் ஈயம் பொதிந்த தடுப்புக்குப் பின்னால் போய் நின்று கொள்வதும், சட்டையில் கதிரை அளக்கும் ஒரு சிறு பட்டயம் குத்தியிருப்பதும் அவரைப் போன்றவர்கள் கொடுத்த விலையில் வந்தவை.

முன்பெல்லாம் படம் எடுத்த பிறகு இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் தோய்த்து, துணி உலர்த்துகிற மாதிரி கிளிப்பில் மாட்டிக் காய வைப்பார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையில் சில விநாடிகளில் வந்து விடுகிறது. அண்ணாந்து எடுத்த படத்தை டாக்டர் எங்களுக்குக் காட்டினார். வலது கன்னத்துக் காற்றறை கறுப்பாக இருந்தது. காற்று இருந்தால் அப்படித்தான். இடது பக்கம் பாதிக்கு மேல் கறுப்பு. கீழ்ப் பாதி வெளுப்பு. நடுவில் குடத்துத் தண்ணீர் போல மட்டமான ஒரு கோடு.

"உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறது. உட்கார வைத்து எடுத்ததால் மட்டம் தெரிகிறது. படுக்க வைத்தால் தெரியாது. இதோ, இமைக்குள்ளே கறுப்பாக ஒரு பிறை. அது காற்று" என்றார்.

கண்ணில் காற்று எப்படி வந்தது? நான் கொடுத்த கைக்குட்டையால்தான்! கண்குழியின் மெல்லிய சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. விரிசலுக்கு அந்தப் பக்கம் மூக்கோடு சேர்ந்த காற்றறை. பலமாகச் சிந்தியதும் காற்று விரிசல் வழியாகக் கண்குழிக்குள் பாய்ந்து விட்டது. அது அதிகமானால் பார்வை நரம்பையே நெருக்கி விடுமாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணிலோ கன்னத்திலோ அடிபட்டவர்களுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் துடைக்க வேண்டும், சிந்தவே கூடாது. இது ஒன்று தெரிந்திருந்தால்!

"எலும்போடு போயிற்றே, தலைக்குள் ஒன்றுமில்லையே?" என்றார் என் கணவர்.

டாக்டர் தலையை ஆட்டினார். "இந்தப் படத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டேன்."

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. மண்டை உடையாமலே உள்ளே ரத்தம் கட்டலாம். மண்டையில் கீறல் விழுந்தும் மூளைக்கு ஒன்றும் ஆகாமலிருக்கலாம். நம் வீடுகளில் குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்தால் "எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று தைரியமாகத் தூங்க வைத்து விடுகிறோமே, அது தப்பு. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக எழுந்திராத தூக்கம், வரவர அதிகமாகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் சோர்வு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல் ஒழுகுவது - இவற்றில் எது வந்தாலும், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லியிருந்தாலும் சரி, நடு ராத்திரியானாலும் சரி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்த வேலைக்கு இப்போது இருப்பது சி.டி. ஸ்கேன். லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இஞ்சினீயர் அமைத்த யந்திரத்தில் 1971 அக்டோபரில்தான் முதல் நோயாளிக்குத் தலைப் படம் எடுத்தார்கள். அதுவும் எக்ஸ்ரேதான். ஆனால் குழாய் தலையைச் சுற்றி முழு வலம் வந்து, வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கின மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டி விடுகிறது.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? திருவண்ணாமலைக்கு அண்டையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில்தான் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைப் பகுதியை ஆரம்பித்தார். மறு வருஷம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சென்னையில் 1934-லேயே பர்னார்டு கதிரியக்க நிலையம் வந்து விட்டது. அந்த நாட்களில் உலகமெங்கும் மூளை டாக்டர்கள் சாதாரண மண்டை எக்ஸ்ரேயை வைத்துத் துப்பறிந்ததைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மூளையின் நடுவில் பினியல் என்று ஒரு சிறு சுரப்பி. அதை மூன்றாவது கண் என்று சொல்பவர்கள் உண்டு. பெரியவர்களில் பலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து, படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நேர்ப் படத்தில் புள்ளி நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், எதிர்ப் பக்கம் கட்டியோ ரத்தமோ மூளையைத் தள்ளுகிறது என்று கணித்து விடுவார்கள். மூளை தெரியாமலே மூளையைப் பார்த்தவர்கள் அவர்கள்! "நெற்றிக்கண்" என்று அத்தை முணுமுணுத்தார். கண்ணைப் பொத்திய கதை அவருக்கு இன்னும் விடவில்லை.

சி.டி. எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொண்டிருந்தபோது, அடுத்ததாக ஒரு வாலிபன் எக்ஸ்ரே அறைக்குள் போனான். கடைசல் பட்டறையில் வேலை. முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறானாம். முதுகுக்கு ஸ்கேன் என்றால் கண்ணுக்கு எதற்கு எக்ஸ்ரே?

எம்.ஆர்.ஐ. யந்திரம் பிரம்மாண்டமான காந்தம். எப்போதோ கண்ணில் தெறித்து, வலியும் மறந்து, உள்ளேயே தங்கி விட்ட இரும்புத் துணுக்கு இருந்தால், காந்தம் அதை அசைத்து விடும். அமெரிக்காவில் ஒருவருக்கு அப்படி நேர்ந்து, கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வையே போனதை 1986-இல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அதனால்தான் கண்ணில் இரும்பு பட்டதுண்டா என்று கேட்டு, உண்டு என்றால் முதலில் கண்குழியைப் படம் எடுக்கிறார்கள். துணுக்கு தெரிந்தால் அது கண்விழிக்குள்ளா, வெளியிலா? அதற்கு ஓர் எளிய யுக்தி. தலையை ஆட்டாமல் மேலே பார்க்கச் சொல்லி ஒரு படம். கீழே பார்க்கச் சொல்லி ஒரு படம். விழியோடு சேர்ந்து துணுக்கும் இடம் மாறினால் அது விழியைச் சேர்ந்தது! பையனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சிரித்துக் கொண்டே வெளியே வந்தான். இரும்பு தெரியும், மரச் சிராயும் முள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இதையும் நினைவில் வையுங்கள்.

கதிரால் கெடுதல் உண்டா என்று கேட்பீர்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் உடம்பில் கதிர் பட்டுக் கொண்டிருக்கிறது. உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். தலைக்கு ஓர் எக்ஸ்ரே ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட், அதாவது சுமார் பதினைந்து நாளில் இயற்கை தருவது. தலை சி.டி. என்றால் சுமார் 2. அவசியத்துக்கு எடுப்பதில் பயமில்லை. "எதற்கும் ஒரு படம் எடுத்து விடுங்களேன், டாக்டர்" என்று நாம் நச்சரிப்பதுதான் அனாவசியம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். தலைக்கு எடுக்கும்போது வயிற்றுக்குப் போவது மிக மிகக் குறைவு என்றாலும் சொல்வது நல்லது. குழந்தையைப் பிடித்துக் கொள்ள ஆள் வேண்டுமென்றால் கர்ப்பிணி போகவே கூடாது. போகிறவர் ஈயக் கவசம் கேட்டுப் போட்டுக் கொள்ள வேண்டும்.

சி.டி.யில் அத்தைக்கு மூளையில் ஒன்றுமில்லை. கண்ணின் அடித்தளத்தில் சிறிய விரிசல். கண்ணை அசைக்கும் தசை எதுவும் அதில் மாட்டிக் கொள்ளவில்லை. பார்வை இரண்டாகவும் தெரியவில்லை. ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வீட்டில் யார் தும்மினாலும் "வாயைத் திற!" என்று அத்தை அதட்ட ஆரம்பித்து விட்டார். அடுத்த பௌர்ணமிக்குள் கறுப்பு மஞ்சளாகி, மஞ்சளும் மறைந்தது.

மூக்குத்தி? பழைய திருகு தேய்ந்து போயிருந்தது. தேரடித் தெருவில் ஒரு தட்டாரிடம் கொடுத்தோம். "சுலபமாகக் கழற்றுகிற மாதிரி திருகு வைத்துக் கொடுப்பா" என்று அத்தையே சொன்னார். போட்டுக் கொண்டு நேரே நிருதி லிங்கத்துக்கு ஆட்டோ வைக்கச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து மிச்சம் நாலு லிங்கத்தையும் முடிக்க வேண்டுமாம். வாருணத்தை நெருங்கும்போது புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகிக் கொண்டு, "எதிலே விட்டேன்? ஆ, அர்த்தநாரீசுவரர் எதுக்கு வெளியே வருகிறார்னா..." என்று ஆரம்பித்தார்.